பயன் கேட்போரே, கேளீர்!

"இந்த ஆராய்ச்சியால் என்ன பயன்? பிறகேன் பணம்?" என்கின்றனர் சிலர். வட்டிக்கடை வாதம்! அவர்களை நாம் சற்றே 1913-க்கு அழைக்கிறோம்.

சென்னைத் துறைமுகத்தில் ஓர் எழுத்தர், பட்டம் பெறாதவர், பெயர் இராமானுசன். அவருக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் உதவித்தொகை வழங்கியது. எதற்கு? பாலம் கட்டவா? பயிர் வளர்க்கவா? எண்களோடு உறவாட!

அவரை உலகறியச் செய்த பேராசிரியர் ஹார்டி, தம் கணிதத்தால் உலகுக்கு எள்ளளவும் பயனில்லை என்றே 1940-இல் எழுதினார்; வெட்கத்தோடன்று, பெருமிதத்தோடு! 1977-இல் அதே எண்ணியலிலிருந்து, பகா எண்களைக் கொண்டு, இரகசியம் காக்கும் கணினிப் பூட்டினைச் செய்தனர் மூவர். பார்த்தீரா பயனை என்று நாம் துள்ளப்போவதில்லை. அந்தப் பூட்டு பிறவாதிருப்பினும் 75 ரூபாய் வீண்போயிராது.

"பயனைக் காட்டு, பணம் தருகிறோம்" என்று அன்று சொல்லியிருந்தால்? துறைமுகத்துக்கு நல்லதோர் எழுத்தர் மிஞ்சியிருப்பார்!