புட்டிக்குள் மூட்டை அடங்குமா?

(வானொலி உழவர் நிகழ்ச்சி உரை)



கூட்டுறவுச் சங்கத்திலும் உரக்கடையிலும் அரை லிட்டர் புட்டி ஒன்றைப் பார்த்திருப்பீர்கள். நானோ யூரியா என்று அதற்குப் பெயர். "ஒரு மூட்டை யூரியா செய்யும் வேலையை இந்த ஒரு புட்டி செய்யும், சுமை கூலி மிச்சம்" என்று சொல்லி விற்கிறார்கள். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் புட்டியை நம்பி மூட்டையை விட்டுவிடலாமா? இதைத்தான் இன்றைக்குக் கணக்குப் போட்டுப் பார்க்கப் போகிறோம்.

நானோ என்றால் என்ன?

ஒரு மீட்டரை நூறு கோடி பங்கு போட்டால், அதில் ஒரு பங்குதான் ஒரு நானோ மீட்டர். நம் தலைமுடியின் தடிமனே ஏறக்குறைய 80,000 நானோ மீட்டர் இருக்கும். ஒரு பொருளை அவ்வளவு பொடியாக்கினால் அதன் குணமே மாறுகிறது. கருப்பட்டியை முழுசாகத் தண்ணீரில் போட்டால் கரைய நேரமாகும். இடித்துப் போட்டால் சட்டென்று கரையும் அல்லவா? பொடியாகப் பொடியாக மேற்பரப்பு கூடுகிறது. அதனால் வேலையும் சுறுசுறுப்பாக நடக்கிறது. மருந்து, சாயம், மின்னணுக் கருவிகள் என்று பல தொழில்களில் இந்த நுட்பம் புகுந்துவிட்டது. உரத்துக்கும் வந்திருக்கிறது.

நம் நாட்டின் பெரிய உரக் கூட்டுறவு நிறுவனமான இப்கோ, குஜராத் மாநிலம் கலோலில் இதைத் தயாரித்து 2021-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. 94 பயிர்களில், சுமார் 11,000 உழவர் வயல்களில் சோதித்ததில் மகசூல் சராசரி 8 விழுக்காடு கூடியது என்பது அந்த நிறுவனம் தரும் கணக்கு.

தழைச்சத்துக் கணக்கு

இனி நம் கணக்கைப் பார்ப்போம். 45 கிலோ யூரியா மூட்டையில் 46 விழுக்காடு தழைச்சத்து. அதாவது 20 கிலோ 700 கிராம். முதலில் வந்த நானோ யூரியாவில் 4 விழுக்காடுதான். அரை லிட்டர் புட்டிக்கு ஏறக்குறைய 20 கிராம்! 2024-ல் அறிவிக்கப்பட்ட 'நானோ யூரியா பிளஸ்' வகையில் சத்தைக் கூட்டினார்கள். அதிலும் புட்டிக்குச் சுமார் 100 கிராம்தான்.

"மண்ணில் போடும் யூரியா பாதிக்கு மேல் வீணாகிறதே" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆவியாகவும் தண்ணீரோடும் நிறையப் போய்விடுகிறது. மூன்றில் ஒரு பங்குதான் பயிருக்குச் சேர்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் மூட்டையிலிருந்து பயிருக்கு 6 கிலோ 900 கிராம் கிடைக்கும். புட்டியில் உள்ளது ஒரு சொட்டும் வீணாகாமல் இலைக்குள் போனாலும் 100 கிராம். ஒரு டன் நெல் விளைய பயிர் எடுத்துக்கொள்ளும் தழைச்சத்தோ 15 முதல் 20 கிலோ வரை. மீதி எங்கேயிருந்து வரும்?

இன்னொன்றும் கவனியுங்கள். சாதாரண யூரியாவைத் தண்ணீரில் கரைத்தால், அது ஒரு நானோ மீட்டருக்கும் சிறிய மூலக்கூறாகப் பிரிந்து இலைக்குள் தானாகவே போகும். 200 லிட்டர் தண்ணீரில் 2 கிலோ யூரியாவைக் கரைத்துத் தெளித்தால், அது 1 விழுக்காடு கரைசல். அதில் 920 கிராம் தழைச்சத்து இருக்கிறது. கிலோ ஏறக்குறைய 6 ரூபாய் வீதம் 12 ரூபாய்தான் செலவு. நானோ புட்டிக்கு 2021-ல் வைத்த விலை 240 ரூபாய்.

லூதியானாவில் உள்ள பஞ்சாப் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் ஈராண்டு வயலிலேயே சோதித்தார்கள். யூரியாவைக் குறைத்துவிட்டு நானோ யூரியா தெளித்ததில் நெல் மகசூல் சுமார் 13 விழுக்காடும், கோதுமை மகசூல் 21 விழுக்காட்டுக்கு மேலும் சரிந்தன. தானியத்தில் புரதமும் குறைந்தது.

பிறகு ஏன் இத்தனை விளம்பரம்?

யூரியா உலகச் சந்தைச் சரக்கு. அதைச் செய்ய இயற்கை எரிவாயு வேண்டும். எரிவாயுவிலும் யூரியாவிலும் ஒரு பகுதியை வெளிநாட்டிலிருந்து வாங்குகிறோம். 2022-ல் ரஷ்யா–உக்ரைன் போர் மூண்டபோது அங்கே விலை எகிறியது. இங்கே மூட்டை விலை ஏறாததற்குக் காரணம் அரசு கொடுக்கும் மானியம். யூரியா செலவு குறைந்தால் அந்தப் பணம் மிச்சம். மண்ணுக்கும் தண்ணீருக்கும்கூட நல்லது. நோக்கத்தில் குறையில்லை. ஆனால் கஜானாவில் மிச்சமாவது வேறு, உங்கள் களத்தில் நெல் குறையாமல் இருப்பது வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

நீங்கள் செய்ய வேண்டியது

புதுசு என்பதற்காக ஒதுக்கவும் வேண்டாம், புதுசு என்பதற்காக விழுந்தடித்து வாங்கவும் வேண்டாம். உங்கள் வயலே சொல்லட்டும். ஒரே ரகம், ஒரே நாளில் நட்ட வயலில் ஐந்து சென்ட் வீதம் மூன்று துண்டு பிரியுங்கள். தண்ணீர் கலக்காமல் இடையில் வரப்புப் போடுங்கள். முதல் துண்டுக்குப் பரிந்துரைப்படி முழு யூரியா. இரண்டாவதுக்கு முழு யூரியாவுடன் நானோ தெளிப்பு. மூன்றாவதுக்கு மேலுரத்தில் பாதியைக் குறைத்து நானோ தெளிப்பு. லிட்டருக்கு 4 மில்லி வீதம், தூர் கட்டும் பருவத்தில் ஒரு முறையும் பூப்பதற்கு முன் ஒரு முறையும் காலை அல்லது மாலையில் தெளியுங்கள். புட்டியை நன்றாகக் குலுக்கிக்கொள்ளுங்கள். களைக்கொல்லி அடித்த தெளிப்பானைக் கழுவாமல் எடுக்காதீர்கள். அறுத்தபின் மூன்றையும் தனித்தனியாகத் தூற்றி எடை போடுங்கள். கடைக்காரர் சொல்வதைவிட அந்தத் தராசு சொல்வது நிசம்.

யூரியாவை மிச்சம் பிடிக்க விரும்பினால் இலை வண்ண அட்டை இருக்கிறது. நட்ட 14-ஆம் நாளிலிருந்து வாரம் ஒருமுறை பயிரின் நிறத்தை அட்டையோடு ஒப்பிடுங்கள். வெள்ளைப் பொன்னிக்கு 3-க்கும், மற்ற ரகங்களுக்கு 4-க்கும் கீழே நிறம் இறங்கினால் மட்டும் மேலுரம் போடுங்கள். செலவு குறைந்த வழி இது.

கடைசியாக ஒன்று. யூரியா கேட்டால் "புட்டியும் சேர்த்து வாங்கினால்தான் மூட்டை" என்று எவராவது சொன்னால் தலையாட்டிவிட்டு வராதீர்கள். அப்படிக் கட்டாயப்படுத்தி விற்பதை நிறுத்தும்படி 2025 ஜூலையில் மத்திய வேளாண் அமைச்சரே மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். ரசீது கேளுங்கள், வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் புகார் கொடுங்கள். புட்டி வேண்டுமா, வேண்டாமா என்பதை முடிவு செய்ய வேண்டியவர் நீங்கள்தான்.