சிபேப் மாஸ்க் போட்டால் தூக்கமே வரலையா? நள்ளிரவு 2 மணிக்குக் கழற்றி வைப்பவர்கள் கவனத்துக்கு!

தூக்கத்தில் மூச்சு அடைபடும் பிரச்னைக்கு டாக்டர் சிபேப் மெஷின் எழுதிக் கொடுத்திருக்கிறார். முதல் நாள் இரவு. மாஸ்க்கை மாட்டி, பெல்ட்டை இறுக்கி, சுவிட்சைப் போட்டுப் படுத்தாச்சு. மூக்கில் காற்று புஸ்ஸென்று அடிக்கிறது. மணி 12 ஆகியும் கண் மூடவில்லை. எப்படியோ அசந்து தூங்கி 2 மணிக்கு விழித்தால், வாய் வறண்டு நாக்கு ஒட்டிக் கிடக்கிறது. மாஸ்க்கைக் கழற்றி ஓரமாக வைத்த பிறகுதான் நிம்மதி. காலையில் மனைவி கேட்கும் முதல் கேள்வி: "என்னங்க, விடியக்காலையில மறுபடியும் கொறட்டை சத்தம் கேட்டுச்சே, மெஷினைக் கழற்றிட்டீங்களா?"

இந்த மெஷினை வாங்கிய பலருக்கும் ஆரம்ப நாட்கள் இப்படித்தான் போகின்றன. "நமக்கு இது ஒத்துவராது" என்று பீரோ மேல் ஏற்றி வைத்துவிடுபவர்களும் உண்டு. ஆனால், தூக்கம் வராததற்கும் நடுவில் விழிப்பதற்கும் பெரும்பாலும் கண்டுபிடித்துச் சரிசெய்யக்கூடிய காரணம் ஒன்று இருக்கும். அதிலும், அந்த 2 மணிக்குக் கழற்றி வைப்பதில்தான் இழப்பு அதிகம். ஏன் என்று பார்க்கலாம்.

மெஷின் என்னதான் செய்கிறது?

தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளரும். சிலருக்கு அந்தத் தளர்ச்சியிலேயே மூச்சுப்பாதை சுருங்கும், அல்லது முழுவதுமாக அடைபடும். 10 விநாடி அல்லது அதற்கு மேல் மூச்சு நின்றால், அது ஓர் 'ஆப்னியா'. மூச்சு நிற்பதும் குறைவதும் சேர்ந்து ஒரு மணி நேரத்துக்கு எத்தனை முறை நடக்கிறது என்பதைத்தான் ஸ்லீப் டெஸ்ட் ரிப்போர்ட்டில் ஏ.ஹெச்.ஐ. என்று போடுகிறார்கள். 5-க்கு மேல் போனால் லேசானது, 15-க்கு மேல் நடுத்தரம், 30-ஐத் தாண்டினால் தீவிரம். 30 என்றால் சராசரியாக 2 நிமிடத்துக்கு ஒரு முறை! ஒவ்வொரு முறையும் மூளை உசுப்பிவிட்டு மூச்சை மீட்கிறது. அப்படி விழித்தது தூங்குபவருக்கே பெரும்பாலும் தெரியாது.

இந்திப் பாடகரும் இசையமைப்பாளருமான பப்பி லஹிரி 2022 பிப்ரவரியில் மும்பையில் இறந்தபோது, அவருக்கு இந்தப் பிரச்னை இருந்ததை மருத்துவமனை தெரிவித்தது.

மாஸ்க் வழியாக வருவது ஆக்சிஜன் என்று சிலர் நினைக்கிறார்கள். இல்லை. அறையில் இருக்கும் அதே காற்றுதான். அதை லேசான அழுத்தத்தோடு உள்ளே அனுப்பி, தொண்டை அடைபடாமல் தாங்கிப் பிடிக்கிறது மெஷின், அவ்வளவுதான். சிட்னியில் டாக்டர் காலின் சல்லிவன் 1980-ல் முதல்முறையாக நோயாளிக்கு இதைப் பயன்படுத்தினார். 1981-ல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்டார். ஆரம்பத்தில் வேக்குவம் கிளீனர் மோட்டாரை வைத்துக் காற்றை ஊதினார்கள், மாஸ்க்கை மூக்கின் மேல் பசை போட்டு ஒட்டினார்கள். அதை நினைத்தால் இப்போதைய மாஸ்க் எவ்வளவோ பரவாயில்லை.

படுத்ததும் தூக்கம் வராதது ஏன்?

மூச்சை இழுப்பதில் சிரமம் இல்லை, எதிர்க்காற்றில் வெளியே விடுவதுதான் பலருக்கும் திணறலாக இருக்கும். இதற்கு 'ரேம்ப்' என்ற வசதி இருக்கிறது. குறைந்த அழுத்தத்தில் தொடங்கி, உங்களுக்கு எழுதிக் கொடுத்த அளவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். மூச்சை விடும் நேரத்தில் மட்டும் அழுத்தத்தைக் குறைக்கும் செட்டிங்கும் பல மெஷின்களில் உண்டு. இந்த இரண்டும் ஆனில் இருக்கிறதா என்று மெஷின் கொடுத்தவரிடம் கேட்டாலே போதும். பலர் கேட்பதே இல்லை.

முகத்தில் ஏதோ கவிழ்த்த மாதிரி பயமாக இருக்கிறது என்பவர்கள், படுக்கையில் போய்ப் பழக முயற்சிக்க வேண்டாம். சாயங்காலம் டிவி பார்க்கும்போது மாஸ்க்கை மட்டும் கையில் பிடித்து முகத்தில் வைத்துப் பாருங்க. அது பழகியதும் பெல்ட், அப்புறம் காற்று. வீட்டில் பிள்ளைகள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

சிலருக்கு மூச்சு அடைபடுவதோடு, தூக்கமின்மையும் தனி நோயாகவே சேர்ந்து இருக்கும். மாஸ்க் மேல் பழி விழும், காரணம் வேறாக இருக்கும். 20 நிமிடம் புரண்டும் தூக்கம் வராவிட்டால், எழுந்துபோய் மங்கலான வெளிச்சத்தில் உட்கார்ந்துவிட்டு, கண் சொக்கும்போது மறுபடி மாஸ்க்கோடு படுக்கலாம். அப்படியும் தொடர்ந்தால் தூக்கமின்மைக்கென்றே உள்ள 'சிபிடி' உளவியல் சிகிச்சை பலன் தரும். மெடிக்கல் ஷாப்பில் தூக்க மாத்திரை கேட்டு வாங்குவது மட்டும் கூடாது. சில மாத்திரைகள் தொண்டைத் தசையை இன்னும் தளர்த்தும், மூச்சையும் மந்தமாக்கும். ராத்திரி மதுவும் அப்படித்தான்.

நடுராத்திரி விழிப்பு: முதல் சந்தேகம் லீக்

நடுவில் விழிப்பு வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது காற்று கசிவதைத்தான். மூக்கு மாஸ்க் போட்டவர் தூக்கத்தில் வாயைத் திறந்தால், உள்ளே போன காற்று வாய் வழியாகவே வெளியேறிவிடும். வாய் வறண்டு விழிப்பது இதனால்தான். மூக்கடைப்பு இருந்தால் வாய் தானாகத் திறக்கும் என்பதால் முதலில் அதற்கு மருத்துவம் பார்க்க வேண்டும். சரியாகவில்லை என்றால் மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் மாஸ்க்குக்கு மாறலாம்.

கண்ணுக்குப் பக்கத்தில் காற்று அடிக்கிறதா? உடனே பெல்ட்டை இறுக்குவதுதான் எல்லோரும் செய்யும் வேலை. அதிகம் இறுக்கினால் சிலிக்கான் குஷன் நசுங்கி லீக் கூடத்தான் செய்யும், மூக்குத்தண்டில் புண்ணும் வரும். படுத்துக்கொண்டு, காற்று ஓடும்போதே பெல்ட்டை அட்ஜஸ்ட் செய்ய வேண்டும். உட்கார்ந்திருக்கும்போது கச்சிதமாக இருந்த மாஸ்க், படுத்ததும் நழுவும். தாடி இருந்தாலும் இடைவெளி விழும். நம்மூரில் இன்னொரு காரணம், தலையிலிருந்து நெற்றிக்கு இறங்கிய தேங்காய் எண்ணெய். படுக்கும்முன் சோப்பு போட்டு முகம் கழுவி, குஷனையும் தினமும் கழுவித் துடைத்தால் பாதி லீக் நின்றுவிடும்.

ஏசி அறையில் தூங்குபவர்களுக்கு வறட்சி இன்னும் அதிகம். மெஷினோடு வரும் ஹியூமிடிஃபையரில் காய்ச்சி வடிகட்டிய நீரை, அதாவது டிஸ்டில்டு வாட்டரை ஊற்ற வேண்டும். போர்வெல் தண்ணீர் ஊற்றினால் உப்புப் படிந்துவிடும். ஈரப்பதத்தைக் கூட்டி வைத்து, அறையும் குளிர்ந்திருந்தால், ட்யூப்பில் தண்ணீர் கோத்து முகத்தில் சொட்டும். அதனாலேயே திடுக்கிட்டு எழுபவர்கள் உண்டு. ஈரப்பதத்தை ஒரு படி குறைத்தாலோ ட்யூப்புக்குத் துணி உறை போட்டாலோ சரியாகிவிடும்.

காலையில் வயிறு உப்பி, ஏப்பமாக வந்தால் காற்றை விழுங்குகிறீர்கள் என்று அர்த்தம். பிரஷர் அதிகமாக இருக்கலாம், டாக்டரிடம் சொல்ல வேண்டியது இது. பாத்ரூம் போக எழுந்தால் மாஸ்க்கைக் கழற்றவே வேண்டாம். ட்யூப்பை மட்டும் பிரித்துவிட்டுப் போய் வந்து மறுபடி மாட்டிக்கொள்ளலாம். ராத்திரி அடிக்கடி சிறுநீர் வருவதே ஆப்னியாவின் அறிகுறிகளில் ஒன்று, சிகிச்சை பிடிபட்டதும் பலருக்கு அது குறைகிறது.

கரண்ட் போனால் மூச்சு முட்டிவிடுமோ என்ற பயமும் உண்டு. முழு மாஸ்க்கில் காற்று நின்றதும் வெளிக்காற்றை உள்ளே விடும் வால்வு இருக்கிறது. இருந்தாலும் சிகிச்சை அங்கேயே நின்றுபோகும் என்பதால், பெட்ரூம் பிளக்கை இன்வெர்ட்டர் லைனில் போட்டு வைப்பது நல்லது.

2 மணிக்குக் கழற்றினால் என்ன ஆகும்?

"நாலு மணி நேரம் போட்டாலே போதுமாமே?" இந்தக் கணக்கு அமெரிக்காவின் மெடிகேர் காப்பீட்டுத் திட்டத்தின் மூலம் பிரபலமானது. முதல் 3 மாதங்களுக்குள், தொடர்ந்து 30 நாட்களில் 70 சதவீத இரவுகளாவது தலா 4 மணி நேரம் பயன்படுத்தியிருந்தால்தான் மெஷினுக்குத் தொடர்ந்து பணம் தருவோம் என்பது அங்குள்ள விதி. அது இன்சூரன்ஸ் கணக்கு. உடம்புக்கான கணக்கு வேறு.

கனவு வரும் 'ரெம்' தூக்கம் இரவின் பின்பாதியில்தான் அதிகம். அப்போது உடல் தசைகள் நன்றாகத் தளர்ந்துவிடும் என்பதால், பலருக்கு மூச்சு அடைபடுவது அந்த நேரத்தில்தான் நீளும், மோசமாகும். 11 மணிக்குப் படுத்து 2 மணிக்குக் கழற்றி வைப்பவர், மிகவும் தேவைப்படும் 3, 4, 5 மணி நேரத்தில் பாதுகாப்பில்லாமல் தூங்குகிறார். அதனால் விழிப்பு வந்தால் ரேம்ப் பட்டனை அழுத்தி, மாஸ்க்கைச் சரிசெய்து, மறுபடி படுக்கப் பாருங்க. தூக்கத்திலேயே தெரியாமல் கழற்றிவிட்டாலும், விழித்ததும் மாட்டிக்கொள்ளுங்க. மதியத் தூக்கத்துக்கும் மாஸ்க் வேணும்.

டாக்டரிடம் என்ன கேட்பது?

பிரஷரை நீங்களாக மாற்றாதீங்க. மெஷினின் மெமரி கார்டிலோ ஆப்பிலோ தினமும் எத்தனை மணி நேரம் ஓடியது, எவ்வளவு லீக், மாஸ்க் போட்ட பிறகும் மிச்சமிருக்கும் ஏ.ஹெச்.ஐ. எவ்வளவு என்பதெல்லாம் பதிவாகியிருக்கும். அந்தக் கடைசி எண் பொதுவாக 5-க்குக் கீழே வர வேண்டும். சிலருக்கு மெஷின் தொடங்கியதும், மூளையிலிருந்து கட்டளை வராமல் மூச்சு நிற்கும் வேறு வகை ஆப்னியா தலைகாட்டும். பெரும்பாலும் போகப்போகக் குறைந்துவிடும், ஆனாலும் டாக்டர் கண்காணிக்க வேண்டும். அடுத்த அப்பாயின்ட்மென்ட் தள்ளி இருந்தாலும், 2 வாரமாகத் தூக்கமே பிடிபடவில்லை என்றால் கார்டையும் மாஸ்க்கையும் எடுத்துக்கொண்டு முன்கூட்டியே போய்ப் பார்ப்பது நல்லது. பகலில் கண் சொக்குவது நிற்கும்வரை ஸ்டியரிங்கை வேறு யாரிடமாவது கொடுத்துவிடுங்க.