கோபுரம் கட்டுமுன் கணக்கிடுவோம்

ஞாயிறு திருப்பலி முடிந்து கோவில் முற்றத்தில் நின்று பேசும் பெற்றோரிடையே இந்நாளில் அடிக்கடி செவியில் விழும் சொல் ஒன்றுண்டு. அதுதான் 'கேட்'. "பையன் கேட் எழுதப் போகிறான். நவம்பர் கடைசியில் தேர்வு. இன்னும் மூன்று மாதம் இருக்கிறதே! நல்ல பயிற்சி வகுப்பாகப் பார்த்துச் சேர்த்துவிட்டால் போயிற்று" என்கிறார் தந்தை. அருகில் மகன் தலைகுனிந்து நிற்கிறான். மூன்று மாதம் போதாதென்று அவனுக்குத் தெரியும். ஆனால் அதைத் தந்தையிடம் சொல்லத் துணிவில்லை.

கோபுரம் கட்ட விரும்புகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட வேண்டும் என்று நம் ஆண்டவர் கூறிய உவமையை லூக்கா நற்செய்தி 14ஆம் அதிகாரத்தில் காண்கிறோம். அந்த மனிதன் அடித்தளம் இட்டான். கோபுரத்தை முடிக்க அவனால் இயலவில்லை. நம்மில் பலரோ அடித்தளமே இடாமல் கோபுரத்தின் உச்சியைக் கட்ட முனைகிறோம். இத்தவற்றைத் தவிர்ப்பது எங்ஙனம் என்பதை எண்ணிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

எந்தத் தேர்வு? எதற்காக?

வணிக மேலாண்மைக் கல்விக்கெனக் கல்கத்தாவிலும் அகமதாபாத்திலும் 1961ஆம் ஆண்டு இந்திய மேலாண்மைக் கழகங்கள் தோன்றின. 1973இல் பெங்களூரிலும், பின்னர் பிற நகரங்களிலும் இவை எழுந்தன. நம் திருச்சிராப்பள்ளிக்கு 2011இல் ஒன்று வந்தது. இன்று ஐ.ஐ.எம். எனப்படும் இக்கழகங்கள் இருபதுக்கும் மேற்பட்டவை. இவற்றில் நுழைவதற்கான பொதுத் தேர்வே 'கேட்'.

இத்துறையில் திருச்சபையின் பங்கும் சிறிதன்று. ஐ.ஐ.எம். தோன்றுவதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்னரே, 1949இல், எஃகு நகரமான ஜாம்ஷெட்பூரில் இயேசு சபையின் குவின் என்ரைட் அடிகளார் சேவியர் தொழிலுறவுக் கழகத்தைத் தொடங்கினார். இன்று எக்ஸ்.எல்.ஆர்.ஐ. என்ற பெயரில் நாடெங்கும் அறியப்படுவது அதுவே. 'தொழிலுறவு' என்னும் சொல் அதன் பெயரிலேயே இருப்பதைக் கவனியுங்கள். முதலாளிக்கும் தொழிலாளிக்கும் இடையே நீதியான உறவு நிலவ வேண்டும் என்ற வேட்கையிலிருந்து பிறந்த கல்வி அது. சென்னை இலயோலா கல்லூரி வளாகத்தில் 1979இல் நிறுவப்பட்ட 'லிபா' கழகமும் இயேசு சபையாரின் பணியே. எக்ஸ்.எல்.ஆர்.ஐ. நடத்தும் எக்ஸ்.ஏ.டி. தேர்வு ஆண்டுதோறும் சனவரித் தொடக்கத்தில் நடைபெறுகிறது. தமிழகக் கல்லூரிகளில் எம்.பி.ஏ. சேர்வதற்கு அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் 'டான்செட்' தேர்வும் உண்டு.

ஆகவே பெற்றோர் முதலில் கேட்க வேண்டிய வினா, "எவ்வளவு சம்பளம் கிடைக்கும்?" என்பதன்று. "மகனே, மகளே, மனிதரையும் பொருளையும் பொறுப்போடு நடத்தும் பணி உனக்கு விருப்பமானதா?" என்பதே. விருப்பமில்லாத பிள்ளையை ஒன்றரை ஆண்டு இழுத்துச் செல்ல எந்தப் பயிற்சி வகுப்பாலும் இயலாது.

தேர்வின் அமைப்பு

'கேட்' தேர்வின் காலம் 120 நிமிடங்கள். மூன்று பகுதிகள், ஒவ்வொன்றுக்கும் 40 நிமிடங்கள். முதலாவது ஆங்கில மொழித்திறனும் வாசித்துணர்தலும். இரண்டாவது தரவுகளை ஆராய்தலும் தருக்க அறிவும். மூன்றாவது கணிதத் திறன். ஒரு பகுதிக்குரிய நேரம் முடியாமல் அடுத்ததற்குச் செல்ல இயலாது. முடிந்ததற்குத் திரும்பவும் இயலாது.

சரியான விடைக்கு மூன்று மதிப்பெண். கொடுக்கப்பட்ட நான்கு விடைகளுள் ஒன்றைத் தெரிந்தெடுக்கும் வினாவில் தவறினால் ஒரு மதிப்பெண் கழியும். இதில் ஒரு சிறு கணக்கைப் பிள்ளைகள் உணர வேண்டும். நான்கு வினாக்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டு விடையளித்தால், சராசரியாக ஒன்று சரியாகும், மூன்று தவறும். பெற்றது மூன்று, இழந்தது மூன்று; மிச்சம் ஒன்றுமில்லை. ஆனால் ஒவ்வொரு வினாவிலும் பொருந்தாத ஒரு விடையை அறிவால் விலக்கிவிட்டால், மூன்று வினாக்களுக்கு ஒன்று சரியாகி ஒரு மதிப்பெண் மிஞ்சும். குருட்டுத் துணிச்சலுக்குப் பலனில்லை; அரைகுறை அறிவுக்குக்கூடச் சிறிது பலன் உண்டு என்பதே இதன் பொருள்.

கணிதப் பகுதி பெரும்பாலும் பள்ளிக்கூடக் கணிதமே. விழுக்காடு, விகிதம், வட்டி, வேலையும் காலமும், வேகமும் தொலைவும், இயற்கணிதம், வடிவியல் ஆகியவையே வருவன. அறியாத புதுக் கணக்கு எதுவும் இல்லை. அறிந்ததைத் தடுமாறாமல் விரைந்து செய்யும் தெளிவே வேண்டப்படுகிறது. மொழிப் பகுதியில் அண்மை ஆண்டுகளில் வரும் 24 வினாக்களுள் 16 வினாக்கள் நான்கு உரைநடைப் பகுதிகளை வாசித்து விடையளிப்பவை. மெய்யியல், பொருளியல், அறிவியல், வரலாறு என எத்துறையிலிருந்தும் அவை எடுக்கப்படலாம்.

எக்ஸ்.ஏ.டி. தேர்வில் 'முடிவெடுத்தல்' என்ற தனிப் பகுதி உண்டு. ஒரு நிறுவனத்தில் எழும் சிக்கல் விவரிக்கப்படும். பலருடைய நலன்கள் மோதும். நியாயமும் நடைமுறையும் ஒத்துவரும் முடிவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வீட்டில் உணவருந்தும் வேளையில் செய்தித்தாளில் வந்த ஒரு சிக்கலை எடுத்து, "நீயாக இருந்தால் என்ன செய்வாய்?" என்று தந்தை கேட்பாராயின், அதுவே இதற்குச் சிறந்த பயிற்சி.

புனித இஞ்ஞாசியார் காட்டிய வழி

தாமதமாகத் தொடங்கி, பொறுமையாகப் படித்து முடித்தவருக்கு இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியாரே எடுத்துக்காட்டு. போர்வீரராயிருந்த அவர், முப்பது வயதைக் கடந்தபின் 1524இல் பார்சலோனா நகரில் சிறுவர்களோடு அமர்ந்து இலத்தீன் இலக்கணம் கற்கத் தொடங்கினார். பின்னர் வேறு நகரங்களில் பல பாடங்களை ஒரே வேளையில் அவசரமாகப் படித்தார், பயன் விளையவில்லை. 1528இல் பாரிசு சேர்ந்தபோது தம் அடித்தளம் உறுதியற்றது என்பதை உணர்ந்தார். வெட்கப்படவில்லை. மீண்டும் சிறுவர்களோடு அமர்ந்து இலத்தீனைத் தொடக்கத்திலிருந்து கற்றார். 1535இல் முதுகலைப் பட்டம் பெற்றார்.

அவர் வாழ்வில் இன்னொரு நிகழ்ச்சியும் உண்டு. பார்சலோனாவில் இலக்கணத்தை மனப்பாடம் செய்ய அமரும்போதெல்லாம் பக்தி எண்ணங்கள் பெருகி அவர் படிப்பைத் தடுத்தன. செபத்தில் அமரும்போது அத்தகைய எண்ணங்கள் வரவில்லை. இது நல்ல ஆவியின் செயலன்று என்று தெளிந்த அவர், தம் ஆசிரியரை அணுகி, இனி ஒருநாளும் பாடத்தில் கவனம் சிதற விடேன் என்று வாக்களித்தார். செபவேளையில் செபமும் படிப்பு வேளையில் படிப்பும் இறைவனுக்கு உகந்தவை. புத்தகத்தின் அருகில் கைப்பேசியை வைத்துக்கொண்டு படிக்கும் நம் பிள்ளைகளுக்கு இப்பாடம் எவ்வளவு தேவை!

ஒன்றரை ஆண்டுத் திட்டம்

பட்டப்படிப்பின் இறுதியாண்டில் இருப்போரும் 'கேட்' எழுதலாம். எனவே மூன்றாண்டுப் பட்டம் படிப்பவர், இரண்டாம் ஆண்டு தொடங்கும் சூன் மாதத்திலேயே ஆயத்தத்தைத் தொடங்குதல் நலம். அங்கிருந்து மூன்றாம் ஆண்டு நவம்பர் வரை ஏறத்தாழ 76 வாரங்கள். கல்லூரித் தேர்வுகளுக்கும் கிறிஸ்து பிறப்பு, உயிர்ப்புப் பெருவிழாக்களுக்குமாகப் பத்து வாரங்களைக் கழித்துவிடுவோம். எஞ்சிய 66 வாரங்களில், ஞாயிறு நீங்கலாக நாளொன்றுக்கு ஒன்றரை மணி படித்தால், வாரத்துக்கு 9 மணியாக மொத்தம் 594 மணி நேரம் கிடைக்கும். இதே நேரத்தைக் கடைசி மூன்று மாதங்களில் பெற வேண்டுமாயின் நாள்தோறும் ஆறரை மணிக்கும் மேல் படிக்க வேண்டும். அதுவும் இறுதியாண்டுக் கல்லூரிப் பாடங்களுக்கு நடுவே! திட்டமிடுதல் என்பது இந்த எளிய கணக்கன்றி வேறில்லை.

முதல் ஏழு மாதங்கள், சூன் முதல் திசம்பர் வரை, அடித்தளத்துக்கு உரியவை. எட்டாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரையிலான கணக்குப் புத்தகங்களைத் தேடியெடுத்து ஒவ்வொரு பயிற்சியையும் மீண்டும் செய்யட்டும். இஞ்ஞாசியார் சிறுவரோடு அமர வெட்கப்படவில்லை. நம் பிள்ளை பழைய புத்தகத்தைத் திறக்க ஏன் வெட்கப்பட வேண்டும்? அதோடு நாள்தோறும் அரைமணி ஆங்கில வாசிப்பு. வாசித்ததன் சாரத்தைச் சொந்தச் சொற்களில் இரண்டு வரி எழுதுதல். தமிழ் வழியில் பயின்ற பிள்ளைகளுக்கு இதுவே முதன்மையான வேலை. கணக்கைச் சில மாதங்களில் சீர்செய்துவிடலாம். வாசிப்புப் பழக்கம் மெல்ல மெல்லவே வளரும். ஆதலால் அதனை முதல் நாளிலேயே தொடங்க வேண்டும்.

அடுத்து சனவரி முதல் மே வரை, எஞ்சிய கணிதப் பாடங்களும் தருக்கப் புதிர்களும். சூன் முதல் ஆகஸ்டு வரை, கடிகாரத்தை எதிரே வைத்து 40 நிமிடப் பகுதித் தேர்வுகள். ஆகஸ்டு மாதத்தில்தான் பொதுவாக விண்ணப்பம் திறக்கும். பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கான இடஒதுக்கீட்டைக் கோருவோர், மத்திய அரசுக்குரிய படிவத்தில் சான்றிதழை முன்கூட்டியே வட்டாட்சியர் அலுவலகத்தில் பெற்றுவிட வேண்டும். கடைசி வாரத்தில் ஓடி அலைந்து ஏமாந்தவர் பலர்.

செப்டம்பர் முதல் தேர்வு வரை, வாரம் ஒரு முழு மாதிரித் தேர்வு போதும். ஆனால் எழுதிய தேர்வை ஆராய்வதற்கு எழுதிய நேரத்தைவிட இருமடங்கு நேரம் செலவிட வேண்டும். ஒரு குறிப்பேட்டில் மூன்று பத்திகள் வகுத்து, அறியாமையால் தவறியவை, அறிந்தும் கவனக்குறைவால் தவறியவை, தொடாமலே விட்டிருக்க வேண்டியவை எனப் பிரித்து எழுதட்டும். இரவுதோறும் ஆன்ம சோதனை செய்யும் வழக்கமுள்ள நம் இல்லங்களுக்கு இம்முறை புதிதன்று. தன் தவற்றைத் தானே பெயர் சொல்லி அழைப்பவனே திருந்துகிறான்.

தேர்வு நடத்துவோரே இணையத்தில் கட்டணமின்றி மாதிரித் தேர்வு வெளியிடுகின்றனர். ஆகவே பயிற்சி வகுப்புக்குப் பெருந்தொகை செலுத்தும் முன், முதல் ஏழு மாதங்களை வீட்டிலேயே கடந்து பாருங்கள். பிள்ளையின் உறுதி அதிலேயே தெரிந்துவிடும்.

பெற்றோர் கடமை

முதலாவது, வீட்டில் ஓர் ஒழுங்கு. மாலை செபமாலை முடிந்ததும் ஒன்றரை மணி நேரம் தொலைக்காட்சி அடங்கியிருக்கட்டும். படிப்பவரின் கைப்பேசி மட்டுமன்று, பெற்றோரின் கைப்பேசியும் அலமாரிக்குள் போகட்டும்.

இரண்டாவது, பணத்தைப் பற்றிய உண்மை. முன்னணிக் கழகங்களில் ஈராண்டுக் கட்டணம் 20 இலட்சம் ரூபாயைத் தாண்டுகிறது. கல்விக்கடனைத் திருப்பிச் செலுத்தப் படிப்பு முடியும்வரை தவணை உண்டெனினும், வட்டி கடன் பெற்ற நாள் முதலே கணக்கில் ஏறும். இவற்றைப் பிள்ளையோடு அமர்ந்து தொடக்கத்திலேயே பேசுங்கள். தேர்வில் வென்றபின், "இவ்வளவு பணத்துக்கு எங்கே போவது?" என்று கைவிரிப்பது கொடுமை.

மூன்றாவது, மகளுக்கும் இதே நீதி. மகனுக்குக் கடன் வாங்கத் துணியும் தந்தை, மகள் கேட்கும்போது திருமணச் செலவை நினைவூட்டுகிறார். தாலந்துகளைத் தந்த இறைவன் ஆண், பெண் என்று பார்த்துத் தரவில்லை.

நான்காவது, எண்ணைப் பற்றிய தெளிவு. தேர்வு முடிவில் வரும் 'பர்சன்டைல்' என்பது விழுக்காடு அன்று. 90 பர்சன்டைல் என்றால் நூற்றுக்குத் தொண்ணூறு மதிப்பெண் என்று பொருளல்ல. எழுதியவர்களுள் ஏறத்தாழ நூற்றுக்குத் தொண்ணூறு பேர் அவருக்குப் பின்னால் நிற்கின்றனர் என்பதே பொருள். அப்படி நின்றும் முன்னணிக் கழகங்களில் இடம் கிட்டாமற் போகலாம். மேலும் அக்கழகங்கள் இவ்வெண்ணை மட்டுமின்றி பள்ளி, கல்லூரி மதிப்பெண்களையும், பணி அனுபவத்தையும், நேர்முகத் தேர்வையும் சேர்த்தே எடைபோடுகின்றன. இதை அறியாமல், "தொண்ணூறு வாங்கியும் என்ன பயன்?" என்று பிள்ளையைக் கடிந்துகொள்ளும் பெற்றோர் அதன் உள்ளத்தை உடைத்துவிடுகின்றனர்.

தேர்வு நாள்

'கேட்' தேர்வு ஞாயிறன்று நடைபெறுவது வழக்கம். 2023லும் 2024லும் அது கிறிஸ்து அரசர் பெருவிழாவன்று வந்தது. 2025இல் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறன்று வந்தது. எக்ஸ்.ஏ.டி. தேர்வோ 2024, 2025, 2026 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் மூன்று அரசர்கள் திருநாளன்றே அமைந்தது. சனிக்கிழமை மாலைத் திருப்பலியில் பங்கேற்றாலே ஞாயிற்றுக் கடன் நிறைவேறும் என்பதைப் பிள்ளைகளுக்கு நினைவூட்டுங்கள். முடிந்தால் குடும்பமாகச் செல்லுங்கள்.

கீழ்த்திசை ஞானிகளின் பயணம் ஓர் இரவில் முடிந்ததன்று. நெடுந்தொலைவு நடந்தனர், வழி தெரியாதபோது விசாரித்தனர், போன வழியே திரும்ப இயலாதபோது வேறு வழியாய்த் தம் நாடு சேர்ந்தனர். ஒன்றரை ஆண்டு உழைத்தும் எண்ணிய கழகத்தில் இடம் கிட்டாத பிள்ளைக்கும் வேறு வழி உண்டு. ஒழுங்காக வாழவும், ஆழ்ந்து வாசிக்கவும், தன் தவற்றைத் தானே அறியவும் அப்பிள்ளை கற்றுவிட்டது. அந்த உடைமையை எந்த முடிவுப் பட்டியலும் பறித்துக்கொள்ளாது.

முடிவு வெளியாகும் இரவில், எண் எதுவாயினும், பிள்ளைக்கு வேண்டிய விருப்பமான உணவைத் தாய் சமைத்து வைக்கட்டும். தந்தை முதலில் தோளில் கை வைக்கட்டும். பிறகு எண்ணைக் கேட்கட்டும்.