வினாத்தாளின் மொழியும் மாணவரின் பார்வையும்

மொழி கருத்தை ஏற்றிச் செல்லும் வாகனம் என்று கூறுவது வழக்கம். இக்கூற்று பாதி உண்மையே. எதை எழுவாயாக நிறுத்துகிறோம், எதைச் சொல்லாமல் விடுகிறோம், எதை ஐயத்திற்கு இடமற்றதாக எழுதுகிறோம் என்பவற்றைப் பொறுத்துப் படிப்பவரின் பார்வை அமைகிறது. பள்ளித் தேர்வின் ஆங்கில வினாத்தாளுக்கு இது மிகவும் பொருந்தும். ஏனெனில், பாடநூலோடு மாணவர் வாதிடலாம்; ஆசிரியரிடம் ஐயம் கேட்கலாம்; தேர்வுக் கூடத்தில் இவ்விரண்டிற்கும் வாய்ப்பில்லை.

2021ஆம் ஆண்டு நிகழ்ச்சி

2021 டிசம்பர் 11ஆம் நாள் மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் பத்தாம் வகுப்பு ஆங்கிலத் தேர்வு நடைபெற்றது. வாசித்துப் பொருள் உணர்வதற்காக வினாத்தாளில் தரப்பட்ட ஓர் உரைப்பகுதி, மனைவி பெற்ற விடுதலையால் பிள்ளைகள் மீது பெற்றோருக்கு இருந்த அதிகாரம் அழிந்தது என்று கூறியது. கணவனுக்குப் பணிந்து நடந்தால்தான் தாயின் சொல்லைப் பிள்ளைகள் கேட்பார்கள் என்பது அதன் சாரம். டிசம்பர் 13ஆம் நாள் இது மக்களவையில் எழுப்பப்பட்டது. அன்றே வாரியம், அந்த உரைப்பகுதி தனது வழிகாட்டு நெறிகளுக்கு இசைந்ததாக இல்லை என்று அறிவித்து, அதை நீக்கி, மாணவர் அனைவருக்கும் அதற்குரிய முழு மதிப்பெண் வழங்கியது.

குறை உடனே களையப்பட்டது பாராட்டுக்குரியது. எனினும், ஊன்றிப் படித்தவரும் படிக்காதவரும் ஒரே மதிப்பெண் பெற்றனர். அந்தப் பகுதியின் மொழி எவ்வாறு செயற்பட்டது என்ற கேள்வியும் அத்துடன் மறக்கப்பட்டது.

சொல்லமைப்பு செய்யும் வேலை

அந்த உரைப்பகுதி, மனைவியின் விடுதலையால் அதிகாரம் அழிந்தது என்பதை மக்கள் கவனிக்கத் தாமதித்தனர் என்னும் பொருள்பட எழுதப்பட்டிருந்தது. இங்குக் ‘கவனித்தல்’ என்ற சொல்லே முக்கியமானது. உள்ள ஒன்றைத்தான் கவனிக்க முடியும். ஆகவே, ஆசிரியரின் கருத்து மெய்ப்பிக்கப்பட வேண்டிய கூற்றாக அல்லாமல், ஏற்கெனவே மெய்யான ஒன்றாக மாணவர் முன் நிற்கிறது. ‘மக்கள் இவ்வாறு எண்ணவில்லை, நான் எண்ணுகிறேன்’ என்று எழுதியிருந்தால் மாணவருக்கு மறுத்துச் சிந்திக்க இடம் கிடைத்திருக்கும்.

தேர்வு முறையும் இதற்குத் துணை செய்தது. அந்தப் பருவத் தேர்வு தரப்பட்ட விடைகளுள் ஒன்றைத் தெரிவு செய்யும் முறையில் அமைந்தது. ‘ஆசிரியர் கூறுவது இது, நான் இதை ஏற்கவில்லை’ என்று எழுத விடைத்தாளில் இடமில்லை. ஆசிரியரின் கருத்தைச் சரியாக எடுத்துரைப்பதும் அதை உண்மையென ஒப்புவதும் வெவ்வேறு செயல்கள். வட்டத்தைக் கருமையாக்கும் மாணவருக்கு இந்த வேறுபாடு புலப்படுவது அரிது. ஆங்கிலத்தைப் பள்ளியில் மட்டுமே கேட்கும் பிள்ளைகளுக்கு அச்சிட்ட ஆங்கில வரி தனியொரு மதிப்புடன் தோன்றுவதும் இயல்பே.

இலக்கணப் பயிற்சியின் மறுபக்கம்

இதற்கான மாற்று மருந்து ஆங்கிலப் பாடத்திலேயே உள்ளது. செய்வினையைச் செயப்பாட்டுவினையாக மாற்றுதல் பள்ளிகளில் நெடுங்காலமாகக் கற்பிக்கப்படும் பயிற்சி. ‘நிறுவனம் மரங்களை வெட்டியது’ என்பது ‘மரங்கள் வெட்டப்பட்டன’ என்று மாறும்போது, வெட்டியவர் வாக்கியத்திலிருந்து மறைந்து விடுகிறார். அலுவலகக் கோப்புகளில் ‘தாமதம் ஏற்பட்டது’ என்று எழுதிப் பழகிய நமக்கு இதன் பயன் நன்கு தெரியும். தாமதித்தவர் யார் என்ற கேள்வி அதன்பின் எழுவதில்லை. ஆனால் மாணவருக்கு இது வெறும் வடிவ மாற்றமாகவே கற்பிக்கப்படுகிறது.

நேர்க்கூற்றை அயற்கூற்றாக்கும் பயிற்சியும் அத்தகையதே. ஒருவரின் பேச்சை ‘கூறினார்’ என்றும் ‘ஒப்புக்கொண்டார்’ என்றும் எழுதலாம். முன்னது நடுநிலையானது, பின்னது அவர் மீது ஒரு குற்றத்தைச் சார்த்தி விடுகிறது. வடிவத்துடன் இந்த விளைவையும் கேட்கும் வினாவே மொழியறிவைச் சோதிப்பதாகும்.

ஒரு சிறு சொல்லின் எடை

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. 1956ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம், இளவரின் இயற்கைக் காப்பாளர் தந்தை என்றும், ‘அவருக்குப் பின்’ தாய் என்றும் கூறுகிறது. ‘பின்’ என்பது தந்தையின் வாழ்நாளுக்குப் பின் என்றே கொள்ளப்பட்டு வந்தது. மகனின் பெயரில் கடன் பத்திரம் வாங்க முயன்ற எழுத்தாளர் கீதா ஹரிஹரனின் கையொப்பம் போதாதென இந்திய ரிசர்வ் வங்கி தெரிவித்ததையடுத்து வழக்கு எழுந்தது. 1999இல் உச்ச நீதிமன்றம், ‘பின்’ என்பதற்குத் தந்தை ‘இல்லாத நிலையில்’ என்று விரிவான பொருள் கண்டது. தந்தை உயிருடன் இருந்தும் பிள்ளையின் நலனில் அக்கறையற்றிருப்பதும் அதில் அடங்கும். ஒரு சொல்லின் பொருளைப் பொறுத்துத் தாயின் உரிமை நின்றது.

பொருளியலிலும் இதே நிலைதான். வீட்டுப் பணிகளை மட்டும் செய்பவரை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ‘உழைப்பாளர் அல்லாதோர்’ பிரிவில் சேர்க்கிறது. ஆனால் 2019ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமற்ற வீட்டுப் பணிகளில் ஈடுபட்ட பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களும், ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிட்டனர். ‘தாய் வேலைக்குச் செல்லவில்லை, வீட்டில் சும்மா இருக்கிறார்’ என்று ஒரு வினாத்தாள் எழுதினால், இந்த ஐந்து மணி நேரம் மாணவர் பார்வையிலிருந்து மறைந்து விடும்.

செய்ய வேண்டியவை

கருத்து வேறுபாட்டுக்கு இடமுள்ள பகுதிகளை அறவே விலக்குவது தீர்வாகாது. உப்புச்சப்பற்ற பகுதிகளைப் படித்து எவரும் சிந்திக்கப் பழகுவதில்லை. மூன்று ஏற்பாடுகள் பயன் தரும். முதலாவதாக, பகுதியை எழுதியவர் யார், எக்காலத்தில் எழுதினார் என்ற குறிப்பு இடம்பெற வேண்டும். இரண்டாவதாக, கூற்றையும் சான்றையும் பிரித்துக் காட்டுமாறு கேட்கும் வினா ஒன்றேனும், இரண்டு மூன்று வரிகளில் விடை எழுதும் வகையில் அமைய வேண்டும். மாணவரின் முடிவுக்கல்ல, அவர் காட்டும் காரணத்திற்கே மதிப்பெண் தர வேண்டும். மூன்றாவதாக, வினாத்தாளைச் சரிபார்ப்போர் விடைகளோடு பகுதியின் எழுவாய்களையும் வினைகளையும் ஆராய வேண்டும்.

பெண்களின் கண்ணியத்திற்கு இழிவு தரும் வழக்கங்களைக் கைவிடுதல் அரசமைப்பின் 51அ பிரிவு கூறும் அடிப்படைக் கடமைகளுள் ஒன்று. வினாத்தாள் அமைப்போரும் இக்கடமைக்கு உட்பட்டவர்களே. தேர்வு எழுதி முடித்த பிள்ளை வெளியே வரும்போது, ‘இது ஒருவரின் கருத்து, இதற்கு மறுப்பும் உண்டு’ என்ற தெளிவோடு வருமானால், அந்த ஆங்கிலத் தேர்வு தன் பணியைச் செய்துவிட்டது எனலாம்.