மணி பிழைத்தான்

செகந்தராபாத் பத்மாராவ் நகருக்கு நாங்கள் குடிவந்தபோது எங்களோடு வந்தவன் மணி. ராஜபாளையம் நாய். சென்ற கோடையில் ஒரு நாள் சாப்பாட்டைத் தொடவில்லை. உடம்பு கொதித்தது, ஈறு வெளுத்திருந்தது.

"ரெண்டு பல் பூண்டை நசுக்கிச் சோத்துல போடு, தெம்பு வரும்" என்றார் அம்மா. அப்படியே செய்தேன். மூன்றாம் நாள் மூக்கில் ரத்தம்!

கால்நடை மருத்துவரிடம் ஓடினோம். உண்ணி கடித்து வரும் 'எர்லிக்கியா' காய்ச்சலாம். ரத்தத் தட்டணுக்கள் குறைந்துவிடுமாம். பூண்டு கொடுத்ததைச் சொன்னதும் பதறிவிட்டார். பூண்டும் வெங்காயமும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைப்பவை. இருக்கிற ரத்தத்தையும் நானே கரைக்கப் பார்த்திருக்கிறேன்!

டாக்ஸிசைக்ளின் மாத்திரை, 28 நாள். சோற்றோடு கொடுக்க வேண்டும். அந்த வேளையில் பால், தயிர் கூடாது. மருந்து சரியாக உடம்பில் சேராது.

மற்றது எங்கள் கையில். உப்பில்லாமல் குழைய வடித்த சோற்றில் அவித்த முட்டையைப் பிசைந்து, அம்மாவே நாலு வேளையும் ஊட்டினார். மின்விசிறிக்கடியில் ஈரச்சாக்கு விரித்தோம். உண்ணி நாயின் மேல் மட்டும் இருப்பதில்லை. சுவர் விரிசலில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். விரிசல்களைச் சிமெண்ட் பூசி அடைத்தோம். தினமும் காது மடல், விரலிடுக்கு எல்லாம் சோதித்தோம்.

ஐந்தாம் நாள் காலை, பால்காரர் சைக்கிள் மணி கேட்டுத் தானாக எழுந்து வாசலுக்குப் போனான். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மாத்திரையை மட்டும் 28 நாளும் நிறுத்தவில்லை. அன்பர்களே, நம் வீட்டுப் பக்குவம் வாயில்லாத ஜீவனுக்கும் உதவும். ஆனால் மருத்துவரைக் கேட்ட பிறகே!