விளைநிலத்தின் புதைபொருள்களைக் காந்தக் கருவியால் அறிதல்

இங்கிலாந்து தேசத்தின் உழவு நிலங்கள் பலவற்றில், மேல்மண்ணுக்குச் சற்றுக் கீழே பழங்காலத்துச் சூளைகளும் அகழிகளும் குழிகளும் மறைந்து கிடக்கின்றன. ஆழ உழுந்தோறும் இவை சிறிது சிறிதாக அழிகின்றன. ஒருமுறை கலைந்ததை மீண்டும் அமைத்தல் இயலாது. அவற்றைத் தேடி வயல் முழுவதையும் தோண்டுவதோ குடியானவருக்குப் பெரு நஷ்டமாகும். இவ்விரு தீங்குகளையும் தவிர்க்கும் உபாயமே காந்த அளவீடு.

இதன் தத்துவம் எளிது. மண்ணில் இரும்புச் சத்து கலந்துள்ளது. களிமண் சுமார் 700 டிகிரி வரை சுடப்பட்டு ஆறும்பொழுது, அக்காலத்துப் பூமியின் காந்தத் திசையைத் தன்னுள் நிலையாகக் கொள்கிறது. அடுப்புத் தீயினாலும் குப்பை மக்குவதாலும் மேல்மண்ணின் காந்த குணம் மிகுகிறது. அம்மண் பழைய அகழியில் நிரம்பினால், அவ்விடம் சுற்றுப்புறத்தினின்றும் வேறுபடும்.

1958-ஆம் ஆண்டில், பீட்டர்பரோ நகருக்கு அருகேயுள்ள வாட்டர் நியூட்டனில் நெடுஞ்சாலை விரிவு பெற இருந்தது. அப்பொழுது ஆக்ஸ்போர்டைச் சேர்ந்த மார்ட்டின் எய்ட்கன் என்னும் அறிஞர், புரோட்டான் காந்தமானியைக் கொண்டு அங்கே ரோமானியர் காலத்து மட்பாண்டச் சூளையைக் கண்டறிந்தார்.

இக்காலத்தில், ஒன்றன்மேல் ஒன்றாக இரு உணர்கருவிகள் பொருத்திய காந்தமானி வழங்குகிறது. பூமியின் காந்தப் புலம் அங்கு ஏறக்குறைய 50,000 நானோடெஸ்லா. அகழியொன்றால் நேரும் மாறுதலோ சில நானோடெஸ்லா மாத்திரமே. மேற்கருவியின் அளவைக் கீழ்க்கருவியின் அளவினின்று கழிப்பதால் இச்சிறு வேறுபாடு புலப்படும். ஒரு மீட்டர் இடைவெளியிட்ட வரிசைகளில் நடந்து, கால் மீட்டருக்கு ஒருமுறை அளவெடுத்துப் படம் வரைவர். அறுவடை முடிந்து, அடித்தாள் குட்டையாக நிற்கும் காலமே இதற்கு ஏற்றது.

கவனிக்க வேண்டுவன சில உள. கம்பிவேலி, இரும்புக் குழாய், தேய்ந்த லாடம், உடைந்த கொழுத்துண்டு ஆகியவை அளவைக் குழப்பும். அளப்பவர் உடலிலும் இரும்பு இருத்தலாகாது. ஆற்று வண்டலின்கீழ் ஆழப் புதைந்தவையும், சுற்றியுள்ள மண்ணை ஒத்த காந்த குணமுள்ள கற்சுவர்களும் தெரியாமற் போகலாம். ஆகையால், படம் வெறுமையாயிருப்பது கொண்டு நிலத்தில் ஒன்றுமில்லை எனத் துணிதல் தவறு. ஐயமுள்ள இடங்களில் சிறு பள்ளம் தோண்டிச் சோதித்தல் நலம்.

குடியானவருக்கு இதனால் விளையும் பயன் யாதெனில், காக்க வேண்டிய பகுதியின் எல்லை தெளிவாகிறது. அப்பகுதியை மட்டும் மேலாக உழவோ புல்தரையாக விடவோ செய்து, அடையாளம் காணப்படாத எஞ்சிய நிலத்தில் வழக்கம்போல் சாகுபடி செய்யலாம். உழவும் நடைபெறும், முன்னோர் சுவடும் நிலைக்கும்.