14 அடி அலுமினியப் படகு: தட்டையா, கூரா?

கரையில் நின்று தூண்டில் போட்டுப் பழகியவருக்கு ஒரு கட்டத்தில் படகு ஆசை வராமல் போகாது. ரொறன்ரோவிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் அந்த ஆசை பிடித்த நம்மவர்கள் பெரும்பாலும் வந்து நிற்பது 14 அடி அலுமினியப் படகில்தான். கண்ணாடியிழைப் படகைவிட விலையும் எடையும் குறைவு. கல்லில் மோதினால் உடையாமல் நெளிந்துகொடுக்கும். பராமரிப்பும் சொற்பம். அதுவரை குழப்பமில்லை. விற்பவரின் முற்றத்தில் இரண்டு படகுகள் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. நீளம் ஒன்று, விலையும் ஏறத்தாழ ஒன்று. ஆனால் ஒன்றின் அடிப்பாகம் மேசைபோலத் தட்டை, அணியமும் சதுரம். மற்றதன் அடிப்பாகம் ஆங்கில ‘வி’ எழுத்தின் வடிவில் கூர்ந்து, அணியம் மேலெழும்பி நிற்கிறது. தட்டையானதை ஜோன் போட் என்கிறார்கள், கூரானதை வி-ஹல் என்கிறார்கள்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிம்கோ, ரைஸ் போன்ற திறந்த ஏரிகளுக்குப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போக நினைப்பவர் வி-ஹல் வாங்கட்டும். நாணல் மண்டிய ஓரங்கள், சிற்றாறுகள், சிறு குளங்கள் ஆகியவற்றைத் தாண்டிப் போகவே மாட்டேன் என்பவருக்கு ஜோன் போட் அருமையான படகு. இரண்டுக்கும் ஒரே படகு வேண்டுமென்றால் வி-ஹல் பக்கம் சாய்வதே பாதுகாப்பு. ஏன் என்பதற்குத்தான் இந்தக் கட்டுரை.

தட்டையான அடிப்பாகம் படகின் எடையை நீரின் மேல் அகலமாகப் பரப்பிவிடுகிறது. அதனால் ஒரு சாண் ஆழத்திலும் ஜோன் போட் மிதக்கும். யாழ்ப்பாணக் கடல்நீரேரியில் படகு தரைதட்டி, இறங்கித் தள்ளிய அனுபவம் உள்ளவர்களுக்கு இதன் அருமை விளங்கும். நின்றபடி தூண்டில் வீசலாம், ஓரத்துக்கு நகரலாம், படகு சட்டென்று சாயாது. சிறிய மோட்டாரே போதும், எரிபொருளும் குறைவு. அமைதியான நீரில் இதைவிட வசதியான சிறு படகு கிடையாது.

காற்று எழும்போது கதை மாறுகிறது. தட்டை அடிப்பாகத்தால் அலையைப் பிளக்க முடியாது. அதன்மேல் ஏறி விழத்தான் முடியும். ஒவ்வொரு விழுகையும் முதுகுத்தண்டில் இறங்கும். அதையும் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாத ஆபத்து சதுர அணியத்தில் இருக்கிறது. அது உயரம் குறைவானது. முன்னால் இருவர் உட்கார்ந்திருக்க, எதிரே ஓர் அலை வந்தால் தண்ணீர் நேராக உள்ளே ஏறும். ஏறிய தண்ணீர் தட்டைத் தளத்தில் எங்கும் நிற்காமல் படகு சாயும் பக்கமெல்லாம் ஓடும். அந்த ஓட்டமே சாய்வைக் கூட்டும்.

வி-ஹல் அலையை வெட்டிக்கொண்டு போகும், உயர்ந்த அணியம் தண்ணீரை வெளியே தள்ளிவிடும். பதிலுக்கு அது கேட்பவையும் உண்டு. கூடுதல் ஆழம் வேண்டும், கொஞ்சம் கூடுதல் மோட்டார் வலு வேண்டும். நின்றுகொண்டு ஒரு பக்கம் நகர்ந்தால் முதலில் லேசாகச் சாயும். புதியவர்கள் இந்தச் சாய்வைக் கண்டு பயந்து, ஜோன் போட்தான் பாதுகாப்பு என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். விற்பனை முற்றத்தில் ஏறி ஆட்டிப் பார்ப்பவருக்கு அப்படித்தான் தோன்றும். வி-ஹல் ஓரளவு சாய்ந்த பிறகு அதன் பக்கவாட்டு நீரில் படிந்து தாங்கத் தொடங்கும். ஜோன் போட் அசையாமல் அசையாமல் இருந்து, எல்லை கடந்ததும் ஒரேயடியாகப் போய்விடும்.

இனி ஏரிகளைப் பார்ப்போம். சிம்கோவின் பரப்பு 700 சதுர கிலோமீட்டருக்கு மேல். பாரி நகரை ஒட்டிய கெம்பன்ஃபெல்ட் குடாவில் ஆழம் 40 மீட்டரைத் தொடுகிறது. தெற்கே குக்ஸ் குடா ஆழம் குறைந்தது, நீர்ப்பாசி அடர்ந்தது. அங்கே பெர்ச் பிடிக்கக் காலையில் கிளம்பினால் ஜோன் போட்டுக்கும் சொர்க்கம்தான். ஆனால் பிற்பகலில் வடக்கிலிருந்து காற்று வீசினால், அந்தக் காற்று திறந்த ஏரி முழுவதையும் கடந்து குடாவுக்குள் வரும். காற்று எவ்வளவு தூரம் தடையின்றி நீர்மேல் ஓடுகிறதோ அவ்வளவுக்கு அலை வளரும். பீற்றர்பரோவுக்குத் தெற்கே உள்ள ரைஸ் ஏரி தென்மேற்கிலிருந்து வடகிழக்காக 30 கிலோமீட்டர் வரை நீண்டு கிடக்கிறது. கோடைக் காற்றும் பல நாள் அதே திசையில்தான் வீசும். ஆழம் குறைந்த ஏரி என்பதால் அலைகள் உயரமாக இல்லாவிட்டாலும் நெருக்கமாகவும் செங்குத்தாகவும் வரும். சிறு படகை அதிகம் படுத்துவது அந்த நெருக்க அலைதான். ஆழமில்லாத ஏரியில் அலை இருக்காது என்று நம்பாதீர்கள்.

அந்த ரைஸ் ஏரியின் அடியில் இன்னொரு சங்கதியும் இருக்கிறது. 1854இல் திறக்கப்பட்ட கோபர்க் - பீற்றர்பரோ ரயில் பாதை ஏரியைக் குறுக்கே கடந்தது. குளிர்காலப் பனிக்கட்டி அழுத்தத்தில் பாலம் சிதைந்து சில ஆண்டுகளிலேயே கைவிடப்பட்டது. அதன் கல் மேடு இன்றும் நீருக்கடியில் கிடக்கிறது. மீன் கூடும் இடமும் படகின் அடி உரசும் இடமும் அதுதான். அலுமினியம் வாங்கச் சொல்வதற்கு இதுபோன்ற கற்களும் ஒரு காரணம்.

அளவுகளை ஒப்பிடும்போது கவனம் வேண்டும். ஜோன் போட்டுகளுக்கு 1448 என்பது போன்ற எண் போடுவார்கள். 14 அடி நீளம், 48 அங்குல அகலம் என்பது பொருள். அந்த 48 அங்குலம் அடித்தளத்தின் அகலம், மேல் விளிம்பில் படகு இன்னும் அகலம். வி-ஹலுக்குத் தரும் அகலமோ பெரும்பாலும் மேல் விளிம்பில் அளந்தது. இரண்டு எண்களையும் அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் தவறான முடிவுக்கு வருவீர்கள். அளவு நாடாவைக் கொண்டுபோய் இரண்டையும் ஒரே இடத்தில் அளந்துபாருங்கள். பக்கவாட்டின் உயரத்தையும் அளக்கலாம். என்னைக் கேட்டால் ஓர் அடி கூடுதல் நீளத்தைவிட அரை அடி கூடுதல் அகலமும் நாலு அங்குலக் கூடுதல் உயரமும் மேல்.

உலோகத்தைப் பற்றி நிறையப் பேசுவார்கள். நல்ல படகுகள் பலவும் 5052 போன்ற மக்னீசியம் கலந்த அலுமினியத்தில் செய்யப்படுபவை. தகட்டின் தடிமன் 0.050 முதல் 0.100 அங்குலம் வரை இருக்கும். தடிமன் கூடினால் அடி தாங்கும், எடையும் விலையும் ஏறும். ரிவெட் அடித்துச் சேர்த்த படகு இலேசானது, மலிவானது. ஆண்டுகள் போகப்போக ரிவெட் தளர்ந்து கசியலாம், ஆனால் திரும்ப இறுக்கவும் முடியும். வெல்டிங் செய்தது உறுதியானது, விலை அதிகம், விரிசல் விட்டால் கைதேர்ந்தவர் தேவை. இந்த விவாதத்தில் அதிக நேரம் செலவழிக்க வேண்டாம். 1948இல் தொடங்கிய மினசோட்டாவின் லண்ட் நிறுவனம் செய்த பழைய ரிவெட் படகுகள் பல இன்னும் ஏரிகளில் ஓடுகின்றன. எப்படி வைத்திருந்தார்கள் என்பதே முக்கியம்.

மோட்டாரில் மூன்று விஷயம். படகின் பின்பலகை 15 அங்குல உயரமா, 20 அங்குலமா என்று அளந்து அதற்கேற்ற ஷாஃப்ட் உள்ள மோட்டாரையே வாங்குங்கள். பொருந்தாவிட்டால் ஒன்று காற்றை உறிஞ்சும், அல்லது நீரை வீணாக இழுக்கும். அடுத்து, 10 குதிரை வலுவும் அதற்கு மேலும் உள்ள மோட்டார் பூட்டிய படகுக்குக் கனடாவில் உரிம எண் வேண்டும். 9.9 குதிரை வலு மோட்டார் இவ்வளவு புழங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். இருவர் மட்டும் போகும் ஜோன் போட்டுக்கு 9.9 தாராளம். மூவரும் சாமான்களும் ஏறிய வி-ஹலுக்கு 15 அல்லது 20 இருந்தால் காற்று எழும்போது சீக்கிரம் கரை சேரலாம். மூன்றாவது, எந்த மோட்டாராக இருந்தாலும், மின்கலத்தில் ஓடும் சின்ன மோட்டாராக இருந்தாலும், ஓட்டுபவரிடம் படகு ஓட்டுநர் அட்டை இருக்க வேண்டும். 2009 முதல் இது எல்லா வயதினருக்கும் கட்டாயம்.

படகில் ஒட்டியிருக்கும் கொள்ளளவுத் தகட்டில் ஆட்களின் எண்ணிக்கையை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் அதிகம். மொத்த எடையைப் பாருங்கள். மோட்டார், எரிபொருள், மின்கலம், ஐஸ் பெட்டி, சாப்பாட்டுச் சட்டி எல்லாம் அதற்குள் அடக்கம். தகடு சொல்வது அமைதியான வானிலைக்கான உச்சவரம்பு. நாலு பேர் என்று எழுதியிருந்தால் மூன்று பேரோடு போவதுதான் என் வழக்கம்.

பழைய படகு வாங்குகிறவர்கள் இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். ட்ரெயிலரில் இருக்கும்போதே படகுக்குள் நாலைந்து அங்குலம் தண்ணீர் விடச் சொல்லுங்கள். கீழே குனிந்து பார்த்தால் எந்த ரிவெட் கசிகிறது என்று தெரிந்துவிடும். அதற்கு மேல் நிரப்பினால் எடை தாங்காமல் தகடு நெளியும். அடுத்து மோட்டாரின் கீழ்ப்பகுதியைப் பிடித்து மேலும் கீழும் அசையுங்கள். பின்பலகை சேர்ந்து அசைந்தால் உள்ளே வைத்த ஒட்டுப்பலகை உக்கிவிட்டது என்று அர்த்தம். மாற்றுவது பெரிய வேலை. இருக்கைக்கு அடியில் உள்ள மிதவை நுரை தண்ணீரைக் குடித்துக் கனத்திருக்கிறதா என்றும் பாருங்கள். படகு நிரம்பினாலும் அதை மிதக்கவைப்பது அந்த நுரைதான்.

பார்வைக்கு மிக அழகாகப் புதுப்பித்த படகைக் கண்டால் ஒரு கேள்வி கேளுங்கள்: தளத்துக்குப் போட்ட பலகை எது? மழைக்கு உக்காமல் இருக்க மருந்தேற்றிய பலகைகளில் செம்பு கலந்த மருந்து இருக்கும். செம்பும் அலுமினியமும் ஈரத்தில் தொட்டுக்கொண்டு கிடந்தால் அலுமினியம் அரித்துப்போகும். மேலே கம்பளம், கீழே ஓட்டை. விற்பவருக்கே இது தெரியாமல் இருக்கலாம். கம்பளத்தின் ஒரு மூலையைத் தூக்கிப் பார்க்க அனுமதிக்காத படகை விட்டுவிடுங்கள். ஜோன் போட்டில் உயரமான மேடை கட்டியிருந்தாலும் யோசியுங்கள். எடை மேலே ஏற ஏற, அது பெயர்பெற்ற அந்த நிலைத்தன்மை குறைந்துகொண்டே போகும்.

படகை வீதியில் இழுத்துச் செல்லும் முன் அடித்தக்கையைக் கழற்றி நீரை வடித்து, ஒட்டிய பாசியை அகற்ற வேண்டும் என்பது 2022 முதல் ஒன்ராறியோவில் சட்டம். வரிமட்டி போன்ற அந்நிய உயிர்கள் ஏரிக்கு ஏரி பரவுவதைத் தடுக்கத்தான் இது. நமக்குச் சில நிமிட வேலை.

வி-ஹலை நான் இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் மே மாதத் தண்ணீர். வெயில் சுடும், ஏரி மட்டும் பனிக்கட்டியின் நினைவோடு இருக்கும். மனிடோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட் குளிர்நீரில் விழுந்தவரின் நிலையை 1-10-1 என்று சுருக்கிச் சொல்கிறார். மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர 1 நிமிடம், கைகால் சொன்னபடி கேட்பது 10 நிமிடம், நினைவு தவற ஏறத்தாழ 1 மணி நேரம். மிதவைச் சட்டை போடாதவருக்கு அந்த முதல் நிமிடமே எமனாகலாம். சட்டையை இருக்கைக்கு அடியில் வைத்திருந்தால் சட்டத்துக்குப் போதும், உயிருக்குப் போதாது. நன்றாக நீந்துகிறவரும் ஏறும்போதே போட்டுக்கொள்ள வேண்டும்.

இரண்டு படகில் ஒன்றைத் தேர்ந்துவிட்டாலும் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். வழக்கமாகக் கூட வருபவர்களோடு ஏறி, கொஞ்சம் காற்றுள்ள நாளில் தண்ணீரில் ஒருமுறை ஓட்டிப் பார்க்கக் கேளுங்கள். மறுத்தால் வேறு படகு பாருங்கள். 14 அடி அலுமினியப் படகுகளுக்கு ஒன்ராறியோவில் பஞ்சமில்லை.